துப்பாக்கியும் பொன்னெழுத்தும்

தான் கையாளும் கருவியை அழகுபடுத்த விழைவது மனிதனின் இயல்பு. எழுத்தாணியின் கொண்டையிலும் பாக்குவெட்டியின் பிடியிலும் நம் முன்னோர் பூவும் கொடியும் கிளியும் அமைத்து மகிழ்ந்தனர். கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பிகள் இன்றும் உளி கொண்டு மரத்தில் தெய்வ உருவங்களையும் கொடிகளையும் செதுக்கி வருகின்றனர். அவர்தம் கைவண்ணத்திற்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், உயிரைப் போக்கும் கருவியாகிய துப்பாக்கியையும் மனிதன் பொன்னால் அணி செய்தான் எனின், அது சிலர்க்கு வியப்பளிக்கலாம். அவ்வணி எவ்வாறு செய்யப்பட்டது, அதில் எழுதிய எழுத்து எதற்குப் பயன்பட்டது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இரும்பின்மேல் பொன் தானாக ஒட்டாது. ஆகவே, அதனை நிலைபெறச் செய்யக் கம்மியர் இரு வழிகளைக் கண்டனர். முதலாவது, பள்ளம் வெட்டிப் பதித்தல். எழுத்தின் வடிவாகச் சிற்றுளியால் இரும்பில் மெல்லிய வாய்க்கால் போன்ற பள்ளம் வெட்டுவர். அப்பள்ளம் வாய் குறுகியும் அடி அகன்றும் இருத்தல் வேண்டும். பின்னர்ப் பொற்கம்பியை அதனுள் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுவர். மென்மையான பொன் விரிந்து அடிப்பகுதி முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். குறுகிய வாய் அதனை மீண்டும் வெளிவர விடாது. தச்சர் பலகைகளை இணைக்கும்போது ஒன்றை ஒன்று கவ்வுமாறு வெட்டுவது போன்றதே இதுவும்.

இரண்டாவது வழிக்குக் கோஃப்த்கரி என்று பெயர். பாரசீக மொழியில் தட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இதில் ஆழ்ந்த பள்ளம் இல்லை. இரும்பின் மேற்பரப்பில் கூரிய கருவியால் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடுவர். அப்பரப்பு அரத்தின் முகம்போலச் சொரசொரப்பாகும். அதன்மேல் மயிரிழை போன்ற பொற்கம்பியை வேண்டிய வடிவில் வளைத்துத் தட்ட, நுண்கீறல்களின் பற்கள் பொன்னைப் பற்றிக்கொள்ளும். பிறகு சூடேற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். முதல் வழி உறுதி மிக்கது. இரண்டாம் வழி பொன் செலவு குறைந்தது.

இவ்வேலைக்குப் பொன்னே சிறந்ததாயது ஏன்? பொன் துருப்பிடிப்பதில்லை, கறுப்பதுமில்லை. அதனினும் நன்கு நீளும், நன்கு விரியும் உலோகம் வேறில்லை. ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியாக இழுக்கலாம் என்பர் அறிவியலார். வெள்ளியும் பதிக்கப்படுவதுண்டு, ஆயினும் அது காலப்போக்கில் கறுத்துவிடும்.

இனி, நிறத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். நன்கு மெருகிட்ட எஃகை மெல்லச் சூடேற்றினால், ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 பாகை அளவில் ஆழ்ந்த நீல நிறமும் தோன்றும். இது சாயமன்று. எஃகின்மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்புறத்திலிருந்தும் அடிப்புறத்திலிருந்தும் மீளும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றும் நிறமே அது. நீருக்குமேல் மிதக்கும் எண்ணெயில் வானவில் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. எஃகு நீலமானபோதும் பொன் தன் நிறம் மாறாது. அதனால் நீலவானில் மின்னலைப் போன்று பொன்னெழுத்து விளங்கித் தோன்றும்.

பொன் வாங்க இயலாதார் வண்ணக்குழம்பைக் கையாண்டனர். வெட்டிய எழுத்திலுள்ள எண்ணெய்ப்பசையை நீக்கிச் சிவப்போ வெள்ளையோ தேய்த்து, மேலே எஞ்சியதைத் துணியால் துடைத்துவிட்டால், பள்ளத்தில் தங்கிய வண்ணம் மட்டும் நிற்கும். இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் காப்புவிசையின் அருகே சிவப்புப் புள்ளி காணப்படும். அது தெரியுமாயின் துப்பாக்கி சுடுவதற்கு ஆயத்தமாக உள்ளது என்பது பொருள். ஈண்டு நிறம் அணியாக மட்டும் நில்லாமல் எச்சரிக்கையாகவும் ஆகின்றது.

இக்கலையின் சிறந்த சான்றுகள் நமக்கு அண்மையிலேயே தோன்றின. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலம் நாடு 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தொழிற்சாலைகள் துப்பாக்கிகளைச் செய்தன. அவற்றின் குழாய்களில் புலிவரிகளும், செய்த ஊரின் பெயரும், ஆண்டும், சிலவற்றில் கம்மியரின் பெயரும் பொன்னாலோ வெள்ளியாலோ பதிக்கப்பட்டிருந்தன. திப்பு தாமே வகுத்த மௌலூதி ஆண்டுக்கணக்கில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அத்துப்பாக்கிகள் கடல் கடந்து சென்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு துப்பாக்கியை எடுத்து, இஃது இன்ன ஊரில் இன்ன ஆண்டில் செய்யப்பட்டது என்று அறிஞர் கூற முடிகின்றது. அவ்வெழுத்தே சாட்சி.

சாட்சி அழிந்ததற்கும் தமிழகத்தில் எடுத்துக்காட்டு உண்டு. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசின் இறுதி மன்னர் மறைந்தபின் அவ்வரசு ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. அரண்மனைக் கொட்டிலில் குவிந்து கிடந்த படைக்கலங்களுள் சில தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இச்செய்தியை வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878-இல் வருத்தத்தோடு எழுதினார். உடைந்தவற்றுடன் அவற்றைச் செய்தார் பெயரும் உடைந்தொழிந்தது. அதே 1878-இல் படைக்கலச் சட்டமும் வந்தது. படைக்கலத் தொழில் நலிந்தமையால், பஞ்சாபின் சியால்கோட்டு, குஜராத்து என்னும் ஊர்களிலிருந்த கம்மியர் தட்டு, பேழை முதலியவற்றில் பொன் பதித்துப் பிழைக்கலாயினர். இராசத்தான் மாநிலத்து உதயப்பூரில் இக்கலை இன்றும் வாழ்கின்றது.

இப்போது நம் கல்வராயன் மலைக்கு மீள்வோம். இம்மலையூர்களிலும் துப்பாக்கி உண்டு. வாய்வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அது. தினையும் சாமையும் மரவள்ளியும் விளைக்கும் உழவர், காட்டுப்பன்றி வந்து விளைவை அழிக்கும்போது படும் துயர் பெரிது. அதனை நாம் இகழ்தல் தகாது. ஆயினும் உரிமம் இல்லாத அத்தகைய துப்பாக்கிகளைக் காவல்துறையினர் கைப்பற்றுவதும், தாமே முன்வந்து ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொள்வதும் நாளிதழ்களில் நாம் அடிக்கடி காணும் செய்திகள். அத்துப்பாக்கியில் பொன்னில்லை, வண்ணமில்லை. செய்தார் பெயருமில்லை, எண்ணுமில்லை. இருளில் பன்றியென்று எண்ணி மனிதரைச் சுட்டாலும், தரமற்ற குழாய் வெடித்துச் சுடுபவரின் கையே சிதைந்தாலும், அதைச் செய்தவர் யாரென்று அதனிடம் கேட்க இயலாது. அஃது ஊமைத் துப்பாக்கி.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இதனை நன்குணர்ந்து விதித்துள்ளது. துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக்குறி ஆகியவற்றை அழித்தலும் மாற்றுதலும் குற்றம் என்று அதன் 8-ஆம் பிரிவு கூறுகின்றது. அடையாளமில்லாத துப்பாக்கியை விற்றலும் பிறர்க்கு மாற்றித் தருதலும் அப்பிரிவால் விலக்கப்பட்டவை. ஆகவே, தம் துப்பாக்கியை அழகு செய்ய விரும்பும் உரிமக்காரரும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மெருகிடும் கல்லும் வண்ணக்குழம்பும் அவ்வெண்ணின்மேல் படலாகாது. குழாயில் ஆழ்ந்து வெட்டுவதும் மிகுதியாகச் சூடேற்றுவதும் அதன் வலிமையைக் குறைத்துத் தீங்கு விளைக்கும்.

மன்னன் பொறித்த பொன்னெழுத்து அவன் பெருமையைக் கூறிற்று. கம்மியன் பொறித்த பெயர் அவன் கைத்திறனைக் கூறிற்று. சட்டம் பொறிக்கச் செய்த எண்ணோ அழகற்றது, கண்ணைக் கவராதது. எனினும், இத்துப்பாக்கிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று அது ஒன்றே கூறுகின்றது. உயிரைப் போக்கவல்ல கருவிக்கு அதனினும் சிறந்த அணி வேறில்லை.