பஸ்ஸில் பாதி, நடையில் பாதி: வலிகாமத்தைச் சுற்றி மூன்று நாள்

எமது வாசகர்களில் நடந்து களைக்காதவர் எவருமில்லை. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து நடந்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக, தென்மராட்சியை நோக்கி முழு வலிகாமமும் நடந்தது. ஆனால் அந்த வழியின் இரு பக்கமும் என்ன இருந்தது என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. முன்னால் போனவரின் முதுகைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே ஒரு தடவையாவது, துரத்துவார் இல்லாமல், பார்ப்பதற்காகவே நடந்தால் என்ன என்று எண்ணினோம். 2025 ஆம் ஆண்டு வைகாசியில், எம்மோடு பணிபுரியும் இரு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாள் புறப்பட்டோம். நிலையத்து வாகனத்தைத் தொடுவதில்லை என்பது நாம் எமக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. பஸ் போகும் மட்டும் பஸ், அதற்கப்பால் கால். வாகனத்தில் போகிறவன் வீதியைத்தான் பார்க்கிறான். காணியைப் பார்ப்பதற்கு இறங்கத்தான் வேண்டும்.

பட்டினத்தில் நாம் அதிக நேரம் செலவிடவில்லை. யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்திலிருந்து பொது நூலகத்துக்கு நடந்து போனோம். 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, 2004 இல் மீளத் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தினுள்ளே பாடசாலைப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கோட்டை. ஒல்லாந்தர் கட்டிய மதிலில் ஏறி நின்றால் ஒரு பக்கம் பண்ணைக் கடல், மறு பக்கம் பட்டினம். மதிலின் கல்லை உற்றுப் பார்த்தால் கடலின் முருகைக்கல் தெரியும். எமது தோட்டங்களின் கீழே கிடப்பதும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். இந்தப் பயணத்தில் நாம் கண்ட யாவும் அந்தக் கல்லில் தொடங்கி அந்தக் கல்லிலேயே முடிந்தன.

இன்னொரு விடயம். இந்தப் பட்டினத்தின் குழாய்த் தண்ணீருக்கு நெடுங்காலமாக ஆதாரமாக இருந்தவை திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்துக் கிணறுகளே. தோட்டக்காரனின் மரக்கறியை மட்டுமல்ல, அவனுடைய தண்ணீரையும் பட்டினம் வாங்கிக் குடித்தது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதும் இந்தத் தட்டுப்பாட்டின் தொடர்ச்சியே.

அடியில்லாக் கிணறு

அன்று பகல் பருத்தித்துறை வீதியில் போகும் பஸ்ஸில் ஏறினோம். கோப்பாய் கழிந்ததும் நீர்வேலி வாழைத்தோட்டங்கள் வீதியோரம் வரை வந்து நிற்கின்றன. சிறுப்பிட்டி தாண்டிப் புத்தூரில் இறங்கி, நவக்கிரிப் பக்கமாக நடந்து நிலாவரைக் கிணற்றை அடைந்தோம்.

இராமர் அம்பூன்றித் தண்ணீர் வரச் செய்தார் என்றும், இதற்குள் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எலுமிச்சம்பழக் கதையைச் சிரித்து ஒதுக்கவேண்டாம். மழை நீர் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகைகளும் வெடிப்புகளும் ஆக்கியிருக்கிறது. நிலத்தின் கீழ் தண்ணீர் ஊர்விட்டு ஊர் போகிறது. அதை முன்னோர் ஒரு எலுமிச்சம்பழத்தால் சொல்லி வைத்தார்கள்.

நிலாவரையில் மேலே இருப்பது நன்னீர், ஆழத்தில் இருப்பது உப்பு நீர். எமது கிணறுகள் எல்லாவற்றுக்கும் கீழே இதுதான் நிலைமை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, பாரமான கடல் நீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. மேலே நன்னீர் ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழ முயலும் என்பது நீரியலாளரின் கணக்கு. கிணற்றில் ஓர் அடி குறைந்தால் என்ன என்று நாம் நினைப்பதில்லையா? அந்த ஓர் அடிக்குப் பின்னால் கடல் நிற்கிறது.

துலாவை எண்ணிப் பார்த்தோம். விடியப்புறத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார். மிதிக்கிறவர் களைக்கும்போது கிணறும் இளைப்பாறியது. மிஷின் களைப்பதில்லை. மண்ணெண்ணெய் முடிந்தால்தான் நிற்கும். (1990 களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் இல்லாமல் மிஷின்கள் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் அன்று அழுதோம். கிணறுகள் அழுதிருக்குமா தெரியாது.) துலாவுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்று துலா மிதிக்க எந்தப் பிள்ளை வரும்? ஆனால் இறைப்புக்கும் இறைப்புக்கும் இடையில் கிணற்றுக்கு இருந்த ஓய்வை மிஷினோடு சேர்த்து நாமே அனுப்பிவிட்டோம் என்பது உண்மை.

காங்கேசன்துறை வீதி

இரண்டாம் நாள் காலை கொக்குவில், இணுவில், மருதனார்மடம் வழியாகச் சுன்னாகம் போய் இறங்கினோம். சந்தை பழைய சந்தைதான். வாழைக்குலையை நிறுக்கும்போது பழையபடி பேரமும் பழையபடி கோபமும்.

ஆனால் சுன்னாகத்தின் பெயர் சென்ற பத்தாண்டில் வேறொரு காரணத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. மின்சாரம் பிறப்பிக்கும் இடத்திலிருந்து கசிந்த எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. எண்ணெய் என்றால் நாற்றத்தால் தெரியும். நாம் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா கரைந்து இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்வது மணப்பதுமில்லை, கசப்பதுமில்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்கு உரிய அளவை மீறியிருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். பூவரசங் குழையும் மாட்டெருவும் தாழ்த்திய எமது தகப்பன்மாருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை.

மறுபடி பஸ். மல்லாகம் கழிந்து தெல்லிப்பழையில் இறங்கி வீமன்காமம் பக்கமாக உள்ளே நடந்தோம். கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகள் இங்கே தொடங்குகின்றன. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 இலிருந்து பகுதி பகுதியாக நிலம் திரும்பி வந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் திறக்கப்பட்டது.

வந்த நிலம் போன நிலமாக இல்லை. கூரையும் கதவும் யன்னலும் போன சுவர்கள். வீட்டின் நடுவறையில் ஆலமரம். அதற்குப் பக்கத்தில் தகரம் போட்ட புதுக் கொட்டில். கதியால் வேலிகள் அழிந்துவிட்டதால் எவருடைய பரப்பு எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை. உறுதியில் “வடக்கே இன்னாரின் காணி” என்று எழுதியிருக்கிறது. இன்னாரும் இல்லை, அவர் வேலியும் இல்லை.

ஒரு காணியில் வயதான கணவனும் மனைவியும் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எம்மைக் கண்டதும் அவர் கத்தியை வைத்துவிட்டு வந்தார்.

“சுவாமி, எல்லை பிடிக்கிறதுக்கு நான் மூண்டு நாள் அலைஞ்சன். கடைசியிலை இவதான் கிணத்தைக் கண்டுபிடிச்சவ.”

“எப்பிடி அம்மா?” என்று கேட்டோம்.

“குசினி வாசலிலை இருந்து கிணத்தடிக்கு இருபத்திரண்டு எட்டு. கலியாணம் முடிச்ச நாள் தொட்டுக் குடத்தோடை நடந்த எனக்குத் தெரியாதே? குசினி அத்திவாரம் தெரிஞ்சுது. நடந்து பாத்தன்.”

கிணறு கல்லாலும் குப்பையாலும் வாய் வரை மூடிக் கிடந்ததாம். பிள்ளைகள் வந்து இரண்டு கிழமையாகத் தோண்டியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தோம். கீழே தெளிந்த தண்ணீர். அவர் வாளியால் அள்ளிக் கையில் ஊற்றினார். நன்னீர்.

“முப்பது வருசமா ஒருத்தரும் இறைக்கேல்லை, சுவாமி. அதுதான் இந்த ருசி. இனி என்ரை மேன் பெரிய மிஷின் வைக்கப் போறானாம். நான் வேண்டாம் எண்டு சண்டை.”

இதில் யார் பக்கம் நியாயம் என்று எம்மைக் கேட்டார்கள். மகனுக்குக் கடன் இருக்கிறது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு போக வெங்காயத்தில் தலை நிமிரப் பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. மிஷின் வைக்கட்டும், ஆனால் ஒரே மூச்சில் இறைக்காமல் விட்டு விட்டு இறைக்கட்டும், வாயில் உப்புக் கரிக்கத் தொடங்கிய அன்றே நிறுத்தட்டும் என்றோம். கிழவர் முழுச் சம்மதம் இல்லாமல் தலையாட்டினார்.

காணி பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு அந்த அம்மாவிடமிருந்து நாம் கற்றதைச் சொல்கிறோம். உறுதியின் பிரதியோடு, அந்த வளவில் வாழ்ந்த மூத்த பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லைக்கு முன் கிணற்றைத் தேடுங்கள். தோண்டிய கிணற்றை முழுதாக இறைத்துத் துப்புரவாக்கி, தண்ணீரைச் சோதிப்பித்த பின்னரே பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். வெடிபொருள் அகற்றியதாக அறிவிக்கப்படாத பற்றைக்குள், அது உங்கள் சொந்தக் காணியே ஆனாலும், கால் வைக்கவேண்டாம்.

பொழுது சாய முன் மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலைக்கு நடந்தோம். 1990 இலிருந்து இயங்காத சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய கல்லுக்குழிகள் இந்தப் பக்கமெல்லாம் கிடக்கின்றன. கேணியில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாகத்துக்கு அப்பால் கடல் அடிக்கிறது, கேணியில் நன்னீர் ஊறுகிறது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து முழுகும் அந்தத் தண்ணீர், தகப்பனுடைய தோட்டத்தில் விழுந்த மழைதான்.

இறங்க முடியாத வீதி

மூன்றாம் நாள் பலாலி வீதி. திருநெல்வேலிச் சந்தையில் விடியமுன்னரே மூட்டைகள் இறங்குகின்றன. உரும்பிராயில் இறங்கிச் செம்மண் தோட்டங்களுக்குள் ஒரு மணித்தியாலம் நடந்தோம். காலில் ஒட்டிய அந்தச் சிவப்பு அன்று முழுவதும் போகவில்லை. புன்னாலைக்கட்டுவன் கழிந்து வசாவிளான் வந்தது.

அதற்கு அப்பால் உள்ள பகுதி 34 வருடங்களுக்குப் பின்னர் 2025 ஏப்ரில் 10 ஆந் திகதிதான் பொது மக்களுக்குத் திறக்கப்பட்டது. திறந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளை அறிவிப்புப் பலகையில் வாசித்தோம். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நடந்து செல்லக் கூடாது.

மூன்று நாளும் கால் வலிக்க நடந்த எமக்கு அந்தக் கடைசி வரி சிரிப்பையும் தந்தது, வேறொன்றையும் தந்தது. பஸ்ஸில் ஏறினோம்.

எமக்கு முன் ஆசனத்தில் ஓர் ஆச்சி யன்னலோரம் இருந்தார். பஸ் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார். பற்றைகள், பனைகள், கம்பி வேலி, மறுபடி பனைகள். ஆச்சி விரல் மடித்து எதையோ எண்ணினார். திடீரென்று கண்ணாடியில் கையை வைத்தார்.

“உந்தப் புளியடி. உதுக்குப் பின்னாலை.”

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். பஸ் நிற்கவில்லை, அவரால் நிறுத்தவும் முடியாது. புளியமரம் பின்னால் போயிற்று.

“தம்பி, உந்த பஸ் எத்தினை மணிக்குத் திரும்பும்?”

“அரை மணித்தியாலத்திலை, ஆச்சி.”

பலாலியில் அவர் இறங்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் திரும்பிப் போவதற்கும் ரிக்கெற் எடுத்தார். பிறகு எழுந்து, மற்றப் பக்கத்து யன்னலோரத்தில் போய் இருந்துகொண்டார்.