எல்லை வணிகத்தின் சூழலியல் அடிச்சுவடு

எல்லை வணிகத்தின் சூழலியல் அடிச்சுவடு என்பது, ஒரு பகுதியில் உற்பத்தியாகி அண்டைப் பகுதியில் நுகரப்படும் பொருட்களுக்காகச் செலவாகும் நிலம், நீர் முதலியவற்றின் அளவைக் குறிக்கும். பொதுவாக அண்டை நாடுகளுக்கிடையே கணிக்கப்படும் இதனை, ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையேயும் கணிக்கலாம். தமிழ்நாட்டின் ஓசூர், கிருட்டிணகிரி பகுதியும் கர்நாடகத்தின் பெங்களூர்ப் பகுதியும் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

கருத்துரு

சூழலியல் அடிச்சுவடு என்னும் அளவீட்டை 1990களின் முற்பகுதியில் கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரீசு, மாத்திசு வாக்கர்நாகல் ஆகியோர் உருவாக்கினர். பயிர்நிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு, கட்டடங்கள் அமைந்த நிலம், கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான நிலம் என அறுவகைப் பரப்புகள் இதில் அடங்கும். இதன் அலகு உலக எக்டேர் ஆகும். வணிகத்தைச் சேர்க்கும் சமன்பாடு பின்வருமாறு:

நுகர்வின் அடிச்சுவடு = உற்பத்தியின் அடிச்சுவடு + இறக்குமதி − ஏற்றுமதி

எடுத்துக்காட்டு

கிருட்டிணகிரி மாவட்டம் மாம்பழத்திற்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. 100 டன் மாங்கூழ் பெங்களூருக்குச் செல்வதாகவும், அதற்கு 200 டன் பழம் தேவைப்படுவதாகவும், எக்டேருக்கு 5 டன் விளைவதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் 40 எக்டேர் தோட்டம் தமிழ்நாட்டின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுக் கர்நாடகத்தின் கணக்கில் சேர்க்கப்படும். ஆலையின் எரிபொருளும் சரக்குந்தின் டீசலும் கரியமில வாயுக் கணக்கில் சேரும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்தபின் பெருகிய வாகன, பொறியியல் தொழிற்சாலைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

தரவுகள்

நாடுகளுக்கிடையே சுங்கப் பதிவேடுகள் உள்ளன. மாநிலங்களுக்கிடையே சுங்கம் இல்லை. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் நீக்கப்பட்டன. 2018 முதல் நடைமுறையிலுள்ள மின்வழிச் சீட்டில் பொருளின் வகை, மதிப்பு, பயணத் தொலைவு ஆகியன பதிவாவதால், அது கணிப்புக்கு உதவக்கூடும். எனினும் பொதுவாக 50,000 ரூபாய்க்குக் குறைந்த சரக்குகளுக்கு இச்சீட்டு தேவையில்லை.

தென்பெண்ணையும் முறையின் குறைபாடும்

நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைந்து, பின் கிருட்டிணகிரி அணைக்குச் செல்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே வரும் நகரக் கழிவுநீரும் இவ்வாற்றில் கலக்கிறது. பெங்களூரின் குடிநீரில் பெரும்பகுதி காவிரியிலிருந்து வருவதால், ஓர் ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீர் கழிவாக மற்றோர் ஆற்றைச் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது.

எல்லை கடக்கும் சரக்குக்குச் சீட்டு உண்டு, கழிவுநீருக்கு இல்லை. நச்சுப் பொருட்களால் ஏற்படும் மாசைச் சூழலியல் அடிச்சுவடு அளப்பதில்லை. எனவே அதன் கணக்கு முழுமையாக இருந்தாலும், அணை நீரால் பாசனம் செய்யும் உழவரின் இழப்பு அதில் தோன்றாது.

இக்குறையை ஆர்யென் ஊக்சுதிரா 2002இல் அறிமுகப்படுத்திய நீர் அடிச்சுவட்டின் ஒரு கூறான சாம்பல் நீர் அடிச்சுவடு ஓரளவு நீக்குகிறது. இது மாசை ஏற்கத்தக்க அளவுக்கு நீர்க்கச் செய்யத் தேவையான நீரின் அளவாகும். ஒரு மாசுப்பொருளின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம், இயற்கை அளவு 2 மில்லிகிராம் எனின், 80 கிலோகிராம் மாசுக்கு 1 கோடி லிட்டர் நீர் தேவைப்படும். ஆற்றில் அவ்வளவு நீர் ஓடாத கோடைக்காலத்தில் அச்சுமை கீழ்ப்பகுதியிலுள்ளோரையே சேரும். ஆகவே இத்தகைய எல்லைப் பகுதிகளில் இரு அடிச்சுவடுகளையும் சேர்த்துக் கணிப்பதே பொருத்தமானது.