பரோ தீவுகளில் ஒரு காற்பந்துப் பருவம்

மூன்று மீன்களின் கதையை அறியாத தமிழாசிரியர் இலர். வலைஞர் வருமுன்னரே குளத்தை விட்டு நீங்கி உயிர் பிழைத்த ‘வருமுன் காப்போன்’ என்னும் மீனைப் பற்றிக் கீழ் வகுப்புப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். அக்கதையின் கருத்தை 2020ஆம் ஆண்டில் ஒரு சிறு நாடு தன் விளையாட்டுத் திடலில் நடத்திக் காட்டியது. அந்த நிகழ்ச்சியிலும் மீன்களுக்கு ஒரு பங்கு இருந்தது என்பதுதான் வியப்பு. உலகின் பெருந்திடல்கள் பூட்டிக் கிடந்த வேளையில், பரோ தீவுகளில் ஒரு காற்பந்துப் பருவம் தொடக்கம் முதல் முடிவு வரை குறைவின்றி நடந்தேறியது எவ்வாறு? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடும் மக்களும்

வட அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே அமைந்தவை பரோ தீவுகள். மொத்தம் 18 தீவுகள். அவற்றுள் 17 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். பரப்பளவு ஏறத்தாழ 1,400 சதுரக் கிலோமீட்டர். அதாவது பினாங்கு மாநிலத்தைவிடப் பெரியது. 2020ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 52,000 பேர். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் அந்நாட்டு மக்கள் அனைவரையும் அமர்த்தினாலும் இருக்கைகள் எஞ்சும்.

இத்தீவுகள் டென்மார்க் அரசுக்கு உட்பட்டவை. எனினும் 1948 முதல் தன்னாட்சி உரிமை உடையவை. தமக்கெனக் கொடியும் நாடாளுமன்றமும் தாய்மொழியும் பெற்றவை. அம்மொழியைப் பேசுவோர் மிகச் சிலரே ஆயினும், காற்பந்துக் கழகங்களின் பெயர்களை அவர்கள் தம் மொழியிலேயே வைத்துக்கொண்டனர். தலைநகர் தோர்சவ்னில் உள்ள எச்.பி. கழகத்தின் முழுப்பெயருக்குத் ‘துறைமுகப் பந்துக் கழகம்’ என்பது பொருள். அதே நகரின் மற்றொரு கழகமான பி.36 தான் தோன்றிய 1936ஆம் ஆண்டைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

லீக் நடைபெறும் முறை

பரோ தீவுகளின் முதல்நிலை லீக் போட்டி 1942இல் தொடங்கியது. முதல் ஆண்டில் வாகை சூடியது வடக்கே கிளாக்ஸ்விக் ஊரைச் சேர்ந்த கே.ஐ. கழகம். இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் படைகள் தீவுகளில் தங்கியிருந்த 1944ஆம் ஆண்டில் மட்டும் போட்டி நடைபெறவில்லை. அதன்பின் இடையறாது நடந்து வந்தது.

2020ஆம் ஆண்டு முறைப்படி லீக்கில் பத்துக் கழகங்கள். பெரிய நாடுகளில் ஒவ்வொரு குழுவும் மற்றொன்றைத் தன் திடலில் ஒரு முறையும் எதிரியின் திடலில் ஒரு முறையுமாக இரு முறை சந்திக்கும். பத்துக் குழுக்கள் மட்டும் இருப்பின் அம்முறையில் 18 ஆட்டங்களே கிட்டும். ஒரு பருவத்துக்கு அது போதாது. ஆகவே பரோ தீவினர் மும்முறை சந்திக்கும் முறையை வகுத்துக்கொண்டனர். எதிரிகள் ஒன்பது, மும்முறை, எனவே ஒவ்வொரு குழுவுக்கும் 27 ஆட்டங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து ஆட்டங்களாக 27 சுற்றுகளில் 135 ஆட்டங்கள். வகுப்பறைக்கு ஏற்ற நல்ல கணக்கு இது. 27 என்பது ஒற்றை எண்ணாதலின், ஒரு குழு தன் திடலில் 14 ஆட்டம் ஆடின் வெளியே 13 ஆடும். மற்றொரு குழுவுக்கு இது மாறி அமையும்.

பருவத்தின் காலமும் வேறானது. வட கடலின் குளிர்காலத்தில் பகல் குறுகும், புயல் ஓயாது. ஆதலால் இங்கிலாந்தைப் போல ஆகஸ்டில் தொடங்காமல், மார்ச்சு மாதத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிப்பர். புல்தரை அம்மழைக்கும் காற்றுக்கும் தாங்காது என்பதால் செயற்கைத் தரையே எங்கும் பெருவழக்கு. 1990இல் பரோ தேசியக் குழு தன் முதல் ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டத்தைத் தாய்மண்ணில் ஆட இயலாமல் சுவீடனின் லாண்ட்ஸ்குரோனா நகரில் ஆடியதற்குக் காரணம், தீவுகளில் தகுந்த புல்திடல் ஒன்றும் இல்லாமையே. ஆயினும் அன்று அது, அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆடிய ஆஸ்திரியாவை 1-0 என வென்றது!

ஆட்டக்காரருள் பலர் பகலில் ஒரு தொழில் செய்து மாலையில் பயிற்சிக்கு வருபவர். குன்றுகளும் கடற்கால்களும் ஊர்களைப் பிரிப்பதால், ஒரு திடலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதே ஒரு பயணம். தென்கோடியில் உள்ள சுதுரோய் தீவுக்குத் தோர்சவ்னிலிருந்து கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்லல் வேண்டும். இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் இடையே நடைபெறும் ஒரு பருவம் நின்று போனால், அதனை மீண்டும் கட்டி எழுப்புதல் எளிதன்று. அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் யார் ஆடுவது என்பதையும் இந்த லீக்கின் வரிசையே முடிவு செய்கிறது. சிறு கழகங்களுக்கு அவ்வாய்ப்பு வழங்கும் வருவாய் உயிர்நாடி போன்றது.

மீன்களுக்கென அமைந்த ஆய்வுக்கூடம்

2020 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் கோவிட் நோய் தீவுகளில் கால் வைத்தது. சில நாள்களில் பள்ளிகள் மூடப்பட்டன. தொடங்க இருந்த லீக்கும் தள்ளி வைக்கப்பட்டது. அந்நேரத்தில் பெரிய நாடுகள் பலவும் சோதனைக் கருவி இன்றித் திணறின. பரோ தீவினரோ மிக விரைவில் சோதனையைத் தொடங்கினர். காரணம் யாது?

மீனே அந்நாட்டின் செல்வம். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீனும் மீன்பொருள்களுமே ஆகும். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சால்மன் மீன்களுக்கு ஒருவகை இரத்தச்சோகை நோய் பரவி, மீன் பண்ணைத் தொழிலை நிலைகுலையச் செய்தது. அதன்பின், மீன்களைத் தாக்கும் நச்சுயிரிகளைக் கண்டறிய ஓர் ஆய்வுக்கூடத்தை அவர்கள் நன்கு வளர்த்து வைத்திருந்தனர். அங்குப் பணிபுரிந்த கால்நடை அறிவியலாளர் டேபெஸ் கிறிஸ்டியான்சென், சீனாவிலிருந்து நோய்ச்செய்தி வந்தவுடனேயே, 2020 சனவரியில், மனிதருக்கான சோதனைக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். மீனுக்கான கருவியே மனிதருக்கும் பயன்பட்டது. ஏப்ரல் மாதத்திற்குள் மக்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். முதல் அலையில் நோயுற்றோர் 187 பேர். மே மாதத் தொடக்கத்தில் அவர்கள் யாவரும் நலம் பெற்றனர். 2020ஆம் ஆண்டு முழுவதும் இந்நோயால் அங்கு ஓர் உயிரும் மாளவில்லை.

திடல் திறந்தது

நோய் தணிந்தது கண்டு, 2020 மே 9ஆம் நாள் லீக் தொடங்கியது. முதலில் காண்போர் எவரும் திடலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அந்நாளில் உலகின் நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பெலாரஸ் தன் ஆட்டங்களை நிறுத்தவே இல்லை. தென்கொரியா அதற்கு முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் பெரிய லீக் மே 16இலும், இங்கிலாந்தின் லீக் சூன் 17இலும்தான் மீண்டன. நெதர்லாந்து தன் பருவத்தை முடிக்காமலே கைவிட்டது. அவ்வாண்டு அங்கு வாகையரே இல்லை. மலேசிய சூப்பர் லீக் மார்ச்சில் நின்று ஆகஸ்டில் மீண்டபோது, ஒவ்வொரு குழுவுக்கும் 11 ஆட்டங்கள் என்று சுருக்கப்பட்டது. விளையாட்டுக்கு ஏங்கிய உலகம், பெயரும் அறியாத பரோ கழகங்களின் ஆட்டங்களை விரும்பிப் பார்த்தது. அயல்நாட்டுத் தொலைக்காட்சியும் அவற்றை ஒளிபரப்பியது.

இரண்டு திங்கள் காலந்தாழ்ந்து தொடங்கினும், 27 சுற்றுகளில் ஒன்றையும் அவர்கள் குறைக்கவில்லை. ஆகஸ்டில் நோய் மீண்டும் தலைகாட்டியது. எனினும் பருவம் முறியவில்லை. நவம்பரில் முழுமையாக முடிந்தது. முந்தைய ஆண்டின் வாகையரான கே.ஐ. கழகத்தைப் பின்தள்ளித் தோர்சவ்னின் எச்.பி. கழகம் தன் 24ஆம் வாகையைச் சூடியது.

பட்டத்தை இழந்த கே.ஐ. கழகத்துக்கும் அவ்வாண்டு பெருமை சேர்ந்தது. ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் அதனுடன் ஆடத் தீவுக்கு வந்த ஸ்லோவான் பிராத்திஸ்லாவா குழுவில் நோய்த்தொற்று கண்டறியப்பட்டது. ஆட்டம் கைவிடப்பட்டு, 3-0 எனக் கே.ஐ. வென்றதாக அறிவிக்கப்பட்டது. இது சோதனைச் சாவடி தந்த வெற்றி என்று சிலர் எள்ளியிருக்கலாம். பின்னர் நடந்த ஓர் ஆட்டம் அவ்வெள்ளலுக்கு விடை கூறிற்று. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் தலைநகரிலிருந்து வந்த தினாமோ திபிலிசி குழுவை, சில ஆயிரம் பேரே வாழும் கிளாக்ஸ்விக் ஊரின் கழகம் 6-1 என்ற கணக்கில் வென்றது. பின்னர் அயர்லாந்தின் டண்டாக் கழகத்திடம் 3-1 எனத் தோற்றதே ஆயினும், அச்சுற்றை எட்டிய முதல் பரோ கழகம் அதுவே.

அளவும் ஆற்றலும்

சிறுமையே இவ்வெற்றிக்குக் காரணம் என்று கூறிவிடலாமா? ஓரளவு கூறலாம். கடல் சூழ்ந்த நாட்டுக்கு வாயில்கள் சிலவே. அவற்றைக் காத்தல் எளிது. ஒருவரை ஒருவர் அறிந்த சமுதாயத்தில், நோயுற்றவர் யாரோடு பழகினார் என்பதைக் கண்டறிதலும் எளிது. ஆகவே பரோ தீவினர் செய்ததைப் பல கோடி மக்கள் வாழும் நாடு அப்படியே செய்திருக்க வேண்டும் என்று வாதிடுதல் முறையன்று.

ஆனால் சிறுமை மட்டும் போதியதன்று. மீன் நோய் ஒன்றினால் பட்ட துன்பத்திலிருந்து பாடம் கற்று, ஓர் ஆய்வுக்கூடத்தைப் பேணி வளர்த்திராவிடில், அதே சிறுமை அவர்களுக்குப் பெருங்கேடாய் முடிந்திருக்கும். ஒரு சில மருத்துவமனைகளையே நம்பியிருக்கும் தீவுகளில் நோய் கட்டுமீறினால் அடைக்கலம் புக வேறிடம் ஏது? எனவே அவர்களைக் காத்தது நாட்டின் அளவன்று. ஆபத்து இல்லாத நாளில் செய்து வைத்த ஆயத்தமே.

அப்பருவம் முடிந்த மறுமாதம், 2020 திசம்பர் 19ஆம் நாள், தோர்சவ்ன் நகரை அடுத்த பெருந்தீவோடு இணைக்கும் 11 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை கடலடியில் திறக்கப்பட்டது. கடலுக்கு அடியிலேயே சாலைகள் கூடிப் பிரியும் வட்டச் சந்திப்பு ஒன்றும் அதில் உண்டு. திடல்களுக்கு இடையிலான பயணமும் அதனால் குறுகியது. 2023இல் கே.ஐ. கழகம் அங்கேரியின் பெரென்ஸ்வாரோஸ் கழகத்தை அதன் சொந்தத் திடலிலேயே 3-0 என வென்று, பின்னர் ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குழுச் சுற்றில் இடம்பெற்ற முதல் பரோ கழகம் ஆயிற்று. இவையும் ஓரிரவில் விளைந்தவை அல்ல.

மூன்று மீன்களின் கதையை அடுத்த முறை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், இந்தப் பருவத்தையும் உடன் சேர்த்துச் சொல்லலாம். கதையில் வரும் மீன் தன்னை மட்டுமே காத்துக்கொண்டது. பரோ தீவுகளிலோ, மீனைக் காக்க மனிதர் செய்த ஆயத்தம் மனிதரையே காத்தது. அவர்தம் பிள்ளைகள் விளையாடும் திடலையும் காத்தது.