வெளியிணைப்பு எஞ்சின் சீராக இயங்காதபோது: குறையைக் கண்டறியும் ஒழுங்கு



ஈரடிப்பு எஞ்சினின் படத்தை வரைந்து பகுதிகளைப் பெயரிட நீங்கள் பழகியிருப்பீர்கள். ஆனால் "எஞ்சின் இயங்குகிறது, சீராக இயங்கவில்லை. காரணம் யாது?" என்று வினவப்படும்போது பலர் "காபரேற்றர் பழுது" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அறிகுறியிலிருந்து காரணத்திற்கு ஒழுங்காகச் செல்வது எவ்வாறு என்பதைத் திருகோணமலைக் கடற்கரையில் நாம் தினமும் காணும் வெளியிணைப்பு எஞ்சினைக் கொண்டு இப்பகுதியில் விளக்குவோம்.

1. இது ஏன் முக்கியமானது?

மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி ஆகிய இடங்களில் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருப்பது வெளியிணைப்பு எஞ்சின் ஆகும். இவற்றுட் பல மண்ணெண்ணெயில் இயங்கும் ஈரடிப்பு எஞ்சின்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும். அப்போது எஞ்சின் நின்ற படகு கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவை நோக்கி இழுபடும். நங்கூரம் இடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கொட்டியாரக் குடாவிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், கரைக்கு அண்மையிலும் நங்கூரக் கயிறு எட்டாத ஆழம் உண்டு. எனவே கரையில் சிறு குறையாகத் தோன்றுவது கடலில் உயிராபத்தாக மாறலாம்.

செலவையும் கவனியுங்கள். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதாவது 20 லீற்றருக்கு 1,740 ரூபா செலுத்தியவர் 6,800 ரூபா செலுத்த நேர்ந்தது. சீரற்று இயங்கும் எஞ்சின் எரிபொருளின் ஒரு பகுதியை எரிக்காமலே புகையாக வெளிவிடும். அந்த இழப்பு நேராக மீனவக் குடும்பத்தின் வருமானத்திலிருந்தே கழிகிறது.

2. எஞ்சினுக்குத் தேவையானவை

எஞ்சின் இயங்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்.

(அ) சரியான விகிதத்தில் எரிபொருள் – வளிக் கலவை
(ஆ) உரிய நேரத்தில் வலிமையான தீப்பொறி
(இ) உருளையினுள் போதிய நெருக்கல்

தொடர்ந்து இயங்க மேலும் இரண்டு தேவை: குளிர்த்தலும் உராய்வு நீக்கலும்.

ஈரடிப்பு எஞ்சினின் சிறப்பியல்பு ஒன்றை இங்கு நினைவிற் கொள்க. இதில் நாலடிப்பு எஞ்சினில் உள்ளதுபோல் தனியான எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளுடன் கலந்து செல்லும் ஒயிலே முசலத்தையும் கிராங் தண்டின் தாங்கிகளையும் உராய்விலிருந்து காக்கின்றது. ஆகவே ஒயில் கலந்த எரிபொருளைப் பயன்படுத்தும் எஞ்சினுக்கு எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறையும். திணறும் எஞ்சினை "எப்படியாவது கரை சேரட்டும்" என்று முழு வேகத்தில் முறுக்கினால் முசலம் உருளையில் இறுகிவிட இடமுண்டு. வேகத்தைக் குறைத்து, காரணத்தைத் தேடுவதே முறை.

3. தேடும் ஒழுங்கு

எளியதிலிருந்து கடினமானதிற்குச் செல்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. பிளக்கையும் மாற்றி, வடிகட்டியையும் கழுவி, காபரேற்றரையும் திருகிய பின் எஞ்சின் சரியானால், குறை எதில் இருந்தது என்பது தெரியாது. மறுநாள் அதே குறை வந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

படி 1: எரிபொருள் வழி

தாங்கியின் மூடியில் ஒரு வளித்திருகு உண்டு. அது மூடியிருந்தால் எரிபொருள் வெளியேற வெளியேறத் தாங்கியினுள் அமுக்கம் குறையும். வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கத்தை விட உள்ளமுக்கம் குறைவதால் எரிபொருள் வருவது தடைப்படும். எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடி, பின் நிற்கும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும். குழாயிலுள்ள றப்பர்க் குமிழ் சப்பையாக ஒட்டியிருந்தால் தாங்கிப் பக்கத்தில் தடை உண்டு என அறியலாம். குமிழைக் கையால் அமுக்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் எஞ்சின் நன்றாக ஓடினால் எரிபொருட் பம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வைக்க. நீரின் அடர்த்தி மண்ணெண்ணெயினதும் பெற்றோலினதும் அடர்த்தியை விட அதிகம். ஆகையால் நீர் கலந்திருந்தால் அடியில் தனிப்படையாகத் தங்கும்.

படி 2: தீப்பொறிச் செருகி

பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க.

இளங் கபில நிறம்: தகனம் சரியாக உள்ளது.
கறுப்பு, ஈரம்: கலவையில் எரிபொருள் அல்லது ஒயில் அதிகம்; சோக் திறபடவில்லை; அல்லது தீப்பொறி வலிமை குறைவு.
வெண்மை, கொப்புளம்: கலவையில் எரிபொருள் குறைவு அல்லது எஞ்சின் அதிகம் சூடாகியுள்ளது.

தீப்பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் உலோகப் பகுதியைத் தொட்டிருக்க வேண்டும். எரிபொருள் சிந்திய இடத்திலோ பிளக் துவாரத்தின் அருகிலோ இச்சோதனையைச் செய்தல் ஆகாது.

படி 3: காபரேற்றர்

மெதுவாக ஓடும்போது திணறி, வேகத்தில் நன்றாக ஓடினால், குறைந்த வேகத்திற்கான சிறிய ஜெற் அடைபட்டிருக்கலாம். மெதுவாக நன்றாக ஓடி, வேகம் கூட்டும்போது சோர்ந்தால், பிரதான ஜெற்றோ வடிகட்டியோ அடைபட்டிருக்கலாம். சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகிறதெனின் கலவையில் எரிபொருள் போதாது என்பது பொருள். ஜெற் அடைப்பு அல்லது எங்கேனும் வளிக் கசிவு இதற்குக் காரணமாகலாம். ஜெற்றை ஊசியாற் குத்தினால் துவாரம் பெரிதாகிக் கலவை விகிதம் கெடும். கழுவி, அமுக்கிய வளியால் ஊதுவதே சரி.

படி 4: நெருக்கல்

கயிற்றை இழுக்கும்போது வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் இலகுவாக வந்தால் முசல வளையங்கள் தேய்ந்திருக்கலாம் அல்லது உருளைத் தலையின் அடைப்பு கசியலாம். இது பயிற்சி பெற்ற எஞ்சின் திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டிய குறையாகும்.

படி 5: எஞ்சினுக்கு வெளியே

எஞ்சினின் பின்புறச் சிறு துவாரத்தினூடாக நீர் பீறிட வேண்டும். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்துக. நீர் உட்புகும் வழியைப் பொலித்தீனோ கடற்களையோ அடைத்திருக்கலாம். மகாவலி கடலில் கலக்கும் இடத்தைப் போன்ற மணற்பாங்கான ஆழங்குறைந்த நீரில் அடிக்கடி ஓடினால் நீர்ப்பம்பியின் றப்பர்ச் சக்கரம் விரைவில் தேயும்.

எஞ்சின் உரத்து ஓடியும் படகு மெதுவாகச் சென்றால் விசிறியில் வலைநூல் சிக்கியுள்ளதா, விசிறியின் றப்பர்ப் பிடி வழுக்குகிறதா, படகின் அடியில் சிப்பி படிந்துள்ளதா எனப் பார்க்க. விசிறியைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றின் கொழுவியைக் கழற்றி விடுக.

4. மண்ணெண்ணெய் எஞ்சினில் விசேட கவனம்

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் இலகுவில் ஆவியாகாது. ஆகவே இவ்வகை எஞ்சின் பெற்றோலில் தொடங்கப்பட்டு, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். குளிர்ந்த எஞ்சினை அவசரப்பட்டு மாற்றினால் ஆவியாகாத துளிகள் பிளக்கை நனைக்கும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். இல்லாவிடில் காபரேற்றரில் மண்ணெண்ணெய் எஞ்சி நின்று, மறுநாட் காலையில் எஞ்சின் தொடங்க மறுக்கும்.

பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட எஞ்சினில் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலப்பது தவறு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் குறைவு. அதனால் கலவை நேரமுந்தித் தானாக எரிந்து தட்டொலி எழும், முசலம் சேதமுறும்.

5. பிற எஞ்சின்களுக்கும் இதே ஒழுங்கு

புல்வெட்டி, மரமரியும் சங்கிலிவாள், மருந்து தெளிகருவி ஆகியவற்றிலும் ஈரடிப்பு எஞ்சின்கள் உண்டு. கனடா, பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் நின்று மீன் பிடிப்போர், பனிக்கட்டியில் துளையிடப் பயன்படுத்தும் துளைகருவிகள் சிலவற்றிலும் இத்தகைய சிறு எஞ்சினே உள்ளது. அங்கு கடுங்குளிரில் எரிபொருள் ஆவியாவது குறைகிறது. இங்கு உப்புநீர் மின்தொடுப்புகளை அரிக்கிறது. சூழல் வேறாயினும் எரிபொருள், தீப்பொறி, நெருக்கல் என்ற வரிசை மாறாது.

6. பயிற்சி வினாக்கள்

(1) மூதூரிலிருந்து புறப்பட்ட படகின் எஞ்சின் பத்து நிமிடம் ஓடி நின்றது. றப்பர்க் குமிழ் சப்பையாக இருந்தது. ஐந்து நிமிடத்தின் பின் எஞ்சின் மீண்டும் ஓடியது. முதலிற் சோதிக்க வேண்டியது யாது? காரணம் தருக.

(2) எரிபொருளுக்கும் ஒயிலுக்கும் இடையிலான விகிதம் 50:1 எனக் கையேடு கூறுகிறது. 20 லீற்றர் எரிபொருளுக்கு எவ்வளவு ஒயில் தேவை?

(3) ஒயிலைக் கையேட்டில் உள்ளதை விட இரு மடங்கு சேர்த்தால் எஞ்சின் கூடுதலாகப் பாதுகாக்கப்படும் என ஒருவர் கூறுகிறார். இது சரியா?

விடைகள்

(1) தாங்கி மூடியின் வளித்திருகு. அது மூடியிருந்தால் தாங்கியினுள் அமுக்கம் குறைந்து எரிபொருள் வராது. ஓய்வின்போது வளி சிறிது சிறிதாகக் கசிந்து உட்சென்று அமுக்கம் ஓரளவு மீள்வதால் எஞ்சின் மீண்டும் ஓடுகிறது. திருகு திறந்திருப்பின் தாங்கியினுள் உள்ள வடிகட்டியையும் குழாயையும் சோதிக்க வேண்டும்.

(2) 20 லீற்றர் = 20,000 மில்லிலீற்றர். 20,000 ÷ 50 = 400 மில்லிலீற்றர்.

(3) சரியன்று. மிகையான ஒயில் முழுமையாக எரியாது. பிளக் கரி பிடித்து நனையும்; வெளியேற்றும் வழியிலும் கரி படிந்து புகை மிகும்; வலு குறையும். ஒயில் குறைந்தாலோ முசலம் இறுகும். ஆகவே எஞ்சின் உற்பத்தியாளரின் கையேட்டிலுள்ள விகிதத்தையே பின்பற்ற வேண்டும்.