தேர்ந்த நிரலாளரும் இயந்திரத் துணையும்

1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரான் என்னும் நிரல்மொழியை வெளியிட்டபோது, இயந்திர மொழியிலேயே எழுதிப் பழகிய வல்லுநர் பலர் அதனை நம்பத் தயங்கினர். மனிதர் கைப்பட எழுதும் ஆணைகளின் செம்மை மொழிமாற்று நிரலொன்றுக்கு வாய்க்குமோ என்பது அவர்தம் ஐயம். நாளடைவில் அது நீங்கிற்று. ஒரே வாக்கியத்துக்கு அந்நிரல் என்றும் ஒரே விடையையே தந்தமையால் நம்பிக்கை வளர இடமிருந்தது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுத் துணைகளின் இயல்பு வேறு. முன்னர் எழுதப்பட்ட எண்ணிறந்த வரிகளைப் பயின்று, அடுத்து வரத்தக்கது யாதென ஊகித்தே அவை எழுதுகின்றன. ஊகம் பொய்க்கும் இடத்திலும் நடை தடுமாறுவதில்லை. கற்றுக்குட்டியின் பிழை பார்த்தவுடன் புலப்படும். இதன் பிழையோ நன்கு உடுத்திக்கொண்டு வருகிறது.

கலிபோர்னியாவிலுள்ள மெட்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 2025ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்திற்று. தாம் நெடுங்காலம் பேணிவந்த பெரிய மென்பொருள்களில், தேர்ந்த நிரலாளர் 16 பேர் 246 பணிகளைச் செய்தனர். சில பணிகளுக்குத் துணை அனுமதிக்கப்பட்டது, சிலவற்றுக்கு மறுக்கப்பட்டது. துணையினால் நேரம் நூற்றுக்கு 24 பங்கு குறையும் என அவர்கள் முன்னர் எதிர்பார்த்தனர். உண்மையில் 19 பங்கு கூடிற்று. வியப்பு யாதெனில், பணி முடிந்த பின்னரும் 20 பங்கு நேரம் மிஞ்சியதென்றே அவர்கள் எண்ணியிருந்தமையாகும். தம் தொழிலில் கைதேர்ந்தோரே தம் வேகத்தை அறியாதிருந்தனர்!

காரணம் விளங்கத்தக்கதே. அம்மென்பொருளின் மூலை முடுக்குகள் அவர்கள் மனத்தில் இருந்தன. இயந்திரத்துக்கு அவை தெரியா. அது எழுதியதில் பாதிக்கும் குறைவானதையே அவர்கள் ஏற்றனர். ஏனையதைப் படித்து விலக்குவதற்கும் நேரம் சென்றது.

ஆயினும், 2023இல் வெளியான வேறோர் ஆய்வில், சிறியதொரு வலைச்சேவையகத்தைப் புதிதாக அமைக்கத் துணையில்லாதோர்க்கு 161 நிமிடம் சென்றது. கோப்பைலட் துணை பெற்றோர் 71 நிமிடத்தில் முடித்தனர். பழைய வீட்டைத் திருத்துவது ஒன்று, வெறும் நிலத்தில் கொட்டில் போடுவது மற்றொன்று. மேலும், 2025இன் தொடக்கத்திலிருந்த கருவிகளைப் பற்றியதே அச்சோதனை. கருவிகள் விரைந்து மாறுகின்றன.

எனவே, பழகாத மொழியிலும், சலிப்பூட்டும் சோதனை நிரல்களிலும் தேர்ந்தவர் இத்துணையைத் தயங்காது கொள்ளலாம். தாமே நன்கறிந்த பகுதியில் தம் கையே விரைவானதாக இருத்தல் கூடும். எது விரைவென்பதை எண்ணத்தால் அல்லாது கடிகாரத்தால் அளந்தறிதல் வேண்டும். ஒன்று மட்டும் மாறவில்லை. நள்ளிரவில் வங்கிக் கணக்கொன்று பிழைபட்டால், அழைக்கப்படுபவர் அந்நிரலுக்குப் பொறுப்பேற்ற மனிதரே. தாம் படித்து விளங்காத வரியை அவர் அவ்வேளையில் எங்ஙனம் திருத்துவார்?