பிரஷர் வாஷர் வாங்கலாமா? விலையைப் பார்க்காதீங்க, ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு பாருங்க!

வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் நம்ம ஊர்ல பாதி வீடுகள்ல ஒரே கதைதான். போர்டிகோ, வெளிப் படிக்கட்டு, காம்பவுண்ட் சுவர், மொட்டை மாடி எல்லாம் பச்சைப் பாசி. வயசானவங்க இருக்கிற வீட்டுல இதை சுத்தம் பண்றது அழகுக்கான செலவு இல்லை, பாதுகாப்புக்கான செலவு. ஒருத்தர் வழுக்கி விழுந்தா வர்ற ஆஸ்பத்திரி பில்லை நினைச்சுப் பாருங்க.

அதுக்காக உடனே 8,000 ரூபாய் கொடுத்து பிரஷர் வாஷர் வாங்கணுமா? வாங்க, கணக்கு போடுவோம்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும்னா

மெஷின் 5 வருஷம் உழைக்கும்னு வெச்சுப்போம். மொத்தம் 10 தடவை. அப்போ ஒரு தடவைக்கு 800 ரூபாய். கரன்ட் பெரிய செலவு இல்லை. 1,700 வாட்ஸ் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினா 1.7 யூனிட்தான். ஆனா தண்ணியை மறந்துடாதீங்க. நிமிஷத்துக்கு 6 லிட்டர்னா, 2 மணி நேரத்துக்கு 720 லிட்டர். லாரி தண்ணி வாங்குற வீடுன்னா இதுவும் செலவுதான்.

சின்ன வீட்டுக்கு பிளீச்சிங் பவுடரும் முரட்டு பிரஷ்ஷும் போதும். ஈரத் தரையில தூவி, 20 நிமிஷம் விட்டு, தேய்ச்சுக் கழுவுங்க. ஆசிட்டோட மட்டும் கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.

வண்டியும் கழுவுவீங்கன்னா

பைக் வாட்டர் வாஷ் 100 ரூபாய், மாசம் ரெண்டு தடவை. கார் 400 ரூபாய், மாசம் ஒரு தடவை. வருஷத்துக்கு 7,200 ரூபாய் ஆச்சு. இதை வீட்டுலயே பண்ணினா, ஒன்றரை வருஷத்துக்குள்ள மெஷின் விலை திரும்ப வந்துடும். ஆனா ஒரு கண்டிஷன்: நீங்க நிஜமாவே கழுவணும்! ரெண்டு மாசத்துல மெஷின் பரணுக்குப் போயிடும்னா இந்தக் கணக்கு செல்லாது.

மூணாவது வழி

பக்கத்து வீடுகளோட சேர்ந்து வாங்கலாம். 4 வீடு சேர்ந்தா தலைக்கு 2,000. பாசிக்கு மட்டும்னாலும் ஒரு தடவைக்கு 200 ரூபாய்தான். வாடகைக்குக் கிடைக்கிற ஊர்ல அந்த ரேட்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

யாரும் சொல்லாத செலவு

தப்பா அடிச்சா மெஷின் விலையை விட ரிப்பேர் செலவு அதிகம் ஆகலாம். மொட்டை மாடி தட்டு ஓட்டுக்கு நடுவுல இருக்கிற பூச்சுல கூர்மையான ஜெட்டை அடிச்சா அது பெயர்ந்துடும். அடுத்த மழைக்கு கீழே சீலிங்ல ஓதம் தெரியும். சுவர் பெயின்ட்டும் இப்படித்தான் உரியும். அதனால:

- எப்பவும் அகலமா விரியுற நாசில்ல ஆரம்பிங்க. ஒரு அடி தள்ளி நில்லுங்க. முதல்ல ஒரு மூலையில அடிச்சுப் பாருங்க.
- மெஷினுக்குள்ள தண்ணி வர ஆரம்பிச்ச பிறகுதான் சுவிட்ச் போடணும். தண்ணி இல்லாம ஓடினா பம்ப் போயிடும்.
- எர்த் இருக்கிற பிளக், வீட்டுல ஈ.எல்.சி.பி. ரெண்டும் கட்டாயம். கால்ல ஷூ போட்டுக்கோங்க. ஜெட்டை கை, கால் பக்கம் திருப்பவே கூடாது, சதையைக் கிழிச்சிடும்.
- மழைநீர்க் குழாய் கிணத்துக்கோ சம்ப்புக்கோ போகுதுன்னா, கழுவுறதுக்கு முன்னாடி வெளியே திருப்பி விடுங்க.

வருஷத்துக்கு எத்தனை தடவை உபயோகிப்பீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மெஷின் விலையை அந்த எண்ணால வகுத்து, வர்றதை 5-ஆல வகுங்க. உங்க ஊர்ல ஆள் வெச்சுக் கழுவுற கூலியை விட அது கம்மியா இருந்தா தாராளமா வாங்குங்க. அதிகமா இருந்தா, பிரஷ்ஷை எடுங்க, மிச்சமாகுற 8,000 ரூபாயை ஆர்.டி.யில போடுங்க!