முதலில் வட்டு தெரிகிறதா என்று பாருங்கள்

டோர்ட்மண்ட் பக்கத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடும் ரிப்பேர் கஃபேயில் கணினி மேசை என்னுடையது. பக்கத்து மேசைகளில் தையல் மெஷினும் டோஸ்டரும் பிரிந்து கிடக்கும். சுவரோரம் கோப்பி, கேக், ஒரு உண்டியல். கூலி கிடையாது. ஆனால் பொருளைத் தந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போக விடமாட்டோம். உடையவர் கூடவே இருந்து பார்க்க வேண்டும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிவைத்த வழக்கம் இது. ஜெர்மனியில் இப்படி இயங்கும் குழுக்களை மியூனிக்கில் உள்ள ஆன்ஷ்டிஃப்டுங் அறக்கட்டளை ஒரு வலையமைப்பாகச் சேர்த்துவைத்திருக்கிறது.

என் மேசைக்கு வரும் பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கும் ஒரே முறைப்பாடுதான். கறுத்த திரையில் வெள்ளை எழுத்து: தொடங்குவதற்கான சாதனம் எதுவும் இல்லை.

"தம்பி, மகன் புதுசு வாங்கச் சொல்லுறான். எனக்கு இதுக்குள்ள கிடக்கிற கலியாணவீட்டுப் படங்கள்தான் வேணும்" என்றார் ஓர் அம்மா.

"முதல்ல வட்டு தெரியுதோ எண்டு பாப்பம், அம்மா."

அந்த வெள்ளை வரியைக் கண்டு கணினி செத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வரியைக் காட்டுவதற்கே தாய்ப்பலகை, நினைவகம், திரை எல்லாம் வேலை செய்தாக வேண்டும். சந்தேகம் வட்டின் மேலும், அதற்குப் போகும் வழியின் மேலும் மட்டும்தான்.

கணினியைப் போட்டவுடன் லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 என்று அழுத்தினால் பெரும்பாலும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். அங்கே வட்டின் பெயர் இருக்கிறதா? இருந்தால், அடுத்ததாகக் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையின் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி. சில மடிக்கணினிகளில் பிளாஸ்டிக் உறை போட்டு வயரோடு இருக்கும். அது தீர்ந்தால் பயோஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடலாம். பழைய லெகசி முறையில் நிறுவிய விண்டோஸை யூஇஎஃப்ஐ முறையில் தேடினால் அகப்படாது. ஏஎச்சிஐ என்று இருந்த வட்டு அமைப்பு மாறிப்போனாலும் விண்டோஸ் பாதியில் விழும். சில யூரோ பேட்டரியால் வந்த வினைக்குப் புதுக் கணினி வாங்கியவர்கள் உண்டு.

பயோஸில் வட்டின் பெயரே இல்லையென்றால் மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு வட்டை வெளியே எடுப்போம். பழைய மடிக்கணினிகளின் இரண்டரை அங்குல சாட்டா வட்டில் தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகள். விழுந்து எழும்பிய கணினியில் அந்த இணைப்பு தளர்ந்திருக்கும். துடைத்து அழுத்திப் பொருத்தினால் போதுமாயிருக்கும். ஆனால் சுழலும் வட்டு 'டிக் டிக்' என்று தட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னொரு முறை ஓடவிடுவதே மிச்சமிருப்பதையும் சுரண்டிவிடலாம். அது எங்கள் மேசை வேலையல்ல, தரவு மீட்கும் ஆய்வகத்தின் வேலை. செலவு அதிகம், படங்களுக்கு அந்த விலை தகுமா என்பதை உடையவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வட்டு தெரிகிறது, விண்டோஸ் வரவில்லை என்ற நிலையில் நான் எடுப்பது க்னாப்பிக்ஸ் யுஎஸ்பி. கிளவுஸ் க்னாப்பர் என்ற ஜெர்மானியர் டெபியன் லினக்ஸை வைத்து 2000இல் வெளியிட்டது. கணினியில் எதையும் நிறுவாமல் குறுந்தட்டிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். 700 எம்பி தட்டில் இரண்டு ஜிபி அளவு மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். ஹானோவரின் 'செ'டெ' கணினி இதழ் அதை வைத்தே க்னாப்பிசிலின் என்று வைரஸ் தேடும் தட்டு வெளியிட்டது. பென்சிலினை நினைத்து வைத்த பெயர். இன்று புதிய லினக்ஸ்கள் எத்தனையோ உண்டு, எனக்குக் கை பழகியது இதுதான்.

லெனோவோ, டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி யுஎஸ்பியைத் தேர்ந்தால் சரி. முதல் வேலை நகலெடுப்பது. விண்டோஸைத் திருத்தும் ஆசையை அதுவரை அடக்க வேண்டும். நோகும் வட்டில் பழுது பார்க்கும் கட்டளைகளை ஓட்டுவது படங்களைப் பணயம் வைப்பது. தேய்ந்த வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்லது. நல்ல பகுதிகளை முதலில் வாசித்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது.

நகல் கைக்கு வந்தபின் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் பழைய கணினி முன்னைவிட வேகமாக எழும்பும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 11ஐ ஏற்காத கணினிகளுக்கு நான் லினக்ஸே போடுகிறேன். கடையில் கொடுத்துத் திருத்துவதற்கும் சில மாநிலங்கள் கைகொடுத்தன: 2021இல் தூரிங்கன், செலவில் பாதியை, 100 யூரோ வரை, திருப்பித் தரத் தொடங்கியது.

திருத்த முடியாததை நகராட்சியின் வெர்ட்ஷ்டோஃப்ஹோஃப் என்ற மறுசுழற்சி நிலையத்தில் வீட்டுக்காரர்கள் இலவசமாக ஒப்படைக்கலாம். கொடுக்கும் முன் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.